பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பழைய ஜீப்புகளைப் பேணி ஓட்டிவரும் அன்பர்களுக்கும், அந்த ஜீப்புகளின் அடியில் கோணியை விரித்துப் படுத்தே ஆயுளில் பாதியைக் கழித்துவிட்ட பட்டறை மேஸ்திரிகளுக்கும்:

செஞ்சி மலைகளின் அடிவாரத்துக் கரட்டுப் பாதைகளிலும், திருவக்கரைக்குப் போகும் செம்மண் தடங்களிலும், மரக்காணத்து உப்பளக் கரைகளிலும் ஒரே ஜீப்பை முப்பது ஆண்டுகளாக ஓட்டி, அதனால் அடைந்த சுகத்தையும் அதனிடம் பட்ட சிரமத்தையும் ஒருங்கே அனுபவித்தவன் என்கிற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். சில காலமாக என் மனத்தை அரித்துவருகிற விஷயம் இது: நம் பக்கத்து இளைஞர்கள், பாட்டனார் வைத்திருந்த ஜீப்பையோ அரசு ஏலத்தில் எடுத்த ஜீப்பையோ சிரத்தையோடு புதுப்பித்து, பட்டைகளை, அதாவது லீஃப் ஸ்பிரிங்குகளை, மாற்றி, அவற்றைச் சேசிஸோடு கோக்கிற ஷாக்கிளை நீட்டி, அகலமான டயர் பூட்டி, தரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்தி நிறுத்துகிறார்கள். நிற்கிற கோலத்தில் அது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, ஏதேனும் ஒரு பாலத்தின் இணைப்பில் முன் சக்கரம் தட்டிய மாத்திரத்தில், ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் இடமும் வலமுமாக உதறத் தொடங்கிவிடுகிறது. முன்பக்கம் முழுவதும் ஜன்னி கண்ட உடம்புபோல் நடுங்க, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும்வரை அந்த நடுக்கம் நிற்பதில்லை. மறுநாள் காலையில் பட்டறையில் டை ராடு எண்டு மாற்றுகிறார்கள். அது போதாமல் டிராக் லிங்க்கை மாற்றுகிறார்கள். பிறகு டயரை மாற்றுகிறார்கள். கடைசியில் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை மாட்டி, நடுக்கம் மறைந்துவிட்டதென்று திருப்தியடைகிறார்கள். மறைந்தது நடுக்கம்தானே ஒழிய, அதன் காரணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால், இரண்டு பேர் சேர்ந்து அரைமணி நேரம் அந்த வண்டியைப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்ப்பதை ஒரு வேலையாக மதித்து, அதற்குரிய கூலியை உடைமையாளர் மனமுவந்து கொடுக்கவேண்டும். இந்த வேண்டுகோள் என் மனத்தில் எழுந்த காரணத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு விவரத்துக்கு வருகிறேன்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் என் ஜீப்பையும் நான் உயர்த்தினேன். அடுத்த மாதமே, திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில், நான் மேலே சொன்ன நடுக்கம் முதன்முறையாக என்னைப் பிடித்தது. என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். அதன்பின் ஆறு மாத காலம், மூன்று பட்டறைகளில், ஏறத்தாழ பதினாலாயிரம் ரூபாய்க்குப் பாகங்கள் மாற்றினேன். டை ராடு எண்டுகள் நாலும் புதியவை, டிராக் லிங்க் புதியது, டயர்கள் புதியவை, நடுக்கம் மட்டும் பழையதே. நாலாவதாக, ஒரு நண்பர் சொல்லக் கேட்டு, விழுப்புரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் போனேன். நான் மாற்றிய பாகங்களின் ஜாபிதாவை ஒப்பிக்கத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தம்பி. ஜாக்கி போடவேணாம், சக்கரத்துல கனம் இருக்கணும். நீங்க உள்ள ஏறி உக்காந்து ஸ்டியரிங்கை ரெண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே இருங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு, கோணியை விரித்து அடியில் போய்ப் படுத்தார்.

நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொரு மூட்டாக வந்தார். ஒரு மூட்டில் சேருகிற இரண்டு பாகங்களின்மேலும் படும்படியாகக் கட்டைவிரலைக் குறுக்கே வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார், பத்துப் பன்னிரண்டு அசைவு கழிந்ததும் அடுத்த மூட்டுக்கு நகர்வார். இரண்டு பாகங்களும் ஒன்றாக நகருமானால் விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒன்று முந்தி மற்றொன்று பிந்துமானால், கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பிசகு விரல் நுனியில் மெல்லிய தட்டாகத் தட்டுகிறது. கால்மணி நேரம் கழித்து, பட்டறையில் இருந்த பையனை உள்ளே உட்காரவைத்து ஆட்டச் சொல்லி, என்னைக் கீழே கூப்பிட்டார். டை ராடும் டிராக் லிங்க்கும் குற்றமற்றவை. ஆனால் ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸோடு பொருந்துகிற இடத்தில், பையன் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அந்தப் பாக்ஸ் முழுவதுமாக ஒரு தீக்குச்சியின் கனத்துக்கு நகர்ந்து திரும்பியது. அவர் அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். போல்ட் துளையொன்றிலிருந்து புறப்பட்டு, பெயிண்டுக்கு அடியில் ஓர் அங்குல தூரம், தலைமயிர் போன்ற செந்நிறக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அது சேசிஸில் விழுந்த விரிசல். அதில் ஊறிய துருதான் அந்தச் சிவப்பு.

அதோடு அவர் நிறுத்தவில்லை. இனித்தான் ஜாக்கி என்று சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். சக்கரம் ஆடியது. அந்த ஆட்டம் வீல் பேரிங்கில் இருக்கலாம், கிங் பின்னில், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்புகிற முளையில், இருக்கலாம். அதைப் பிரித்தறிய அவர் செய்த உபாயம் எளிமையானது. பையனை பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடியும் அசைத்தார். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதன் பின்னாலிருக்கிற தட்டும் ஒரே துண்டாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் அடங்கிப்போகும். பிறகும் ஆட்டம் மிஞ்சுமானால் அது கிங் பின்னுடையது. என் வண்டியில் மிஞ்சியது. ஷிம் என்கிற மெல்லிய தகடுகள் சிலவற்றைக் குறைத்து அதைச் சரிசெய்தார். மூன்றாவதாக அவர் கண்டது காஸ்டர் பற்றியது. அதைத் தனியே விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் உயர்த்திய ஜீப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தோஷம் அது.

நம் ஜீப்புகளின் வம்சம் உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப், சுதந்திரம் வந்த காலத்தையொட்டிப் பம்பாயில் மகிந்திரா கம்பெனியாரின் கைக்கு வந்து, சி.ஜே. 3பி என்றும், பிறகு அதைவிட நீளமான எம்.எம். 540 என்றும் பல ரூபங்கள் எடுத்தது. வில்லிஸ் கம்பெனியின் பழைய பழுதுபார்ப்புக் கையேடு முன் சக்கரங்களுக்கு நாலு அளவுகள் விதித்திருக்கிறது. கிங் பின் உட்புறமாகச் சாய்வது 7½ பாகை. சக்கரத்தின் மேல்பாகம் வெளியே சாய்வது, அதாவது கேம்பர், 1½ பாகை. கிங் பின்னின் தலை பின்னோக்கிச் சாய்வது, அதாவது காஸ்டர், 3 பாகை. இரண்டு சக்கரங்களும் முன்னே சற்றுக் குவிந்திருப்பது, அதாவது டோ-இன், 3/64 அங்குலத்திலிருந்து 3/32 அங்குலம்வரை. பின்னே வந்த ரூபங்களுக்கு அவற்றின் கையேட்டையே பார்க்கவேண்டும். இந்த நான்கில், வண்டியை உயர்த்துகிறவன் தன்னை அறியாமலே கை வைத்துவிடுவது காஸ்டரில்தான். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிள் ஓட்ட முடிவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஓடுகிற சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிற குணம் அதற்கு உண்டு. காஸ்டர் குறைந்துபோன வண்டி, திருப்பம் முடிந்தபின் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திரும்பவிடாது. நேர்ச்சாலையிலும் இலேசாக அலைந்துகொண்டே இருக்கும். மூட்டுகளில் சிறு தளர்ச்சி சேர்ந்துவிட்டால், அந்த அலைச்சலே உதறலாக முற்றிவிடும்.

இனி, ஒரு சிறிய கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். வில்லிஸ் ஜீப்பின் முன் பட்டை, கண்ணுக்குக் கண் சுமார் 36 அங்குலம் நீளம். ஷாக்கிள் இருப்பது பட்டையின் முன் முனையில். அங்கே 2 அங்குலம் நீளங்கூடிய ஷாக்கிளை மாட்டினால், பட்டையின் முன் கண் 2 அங்குலம் கீழே இறங்குகிறது. 36 அங்குல நீளத்துக்கு 2 அங்குலச் சரிவு என்பது 3 பாகைக்குச் சற்று மேலே வரும். அச்சு பட்டையோடு பிணைந்திருப்பதால் அதுவும் அத்தனை பாகை முன்னே குனிகிறது. கம்பெனி கொடுத்திருந்த காஸ்டரே மொத்தம் 3 பாகைதான். அது முழுவதும் ஒரே நாளில் செலவாகிவிட்டது. பதிலுக்குக் கிடைத்த உயரம் எவ்வளவு? அச்சு பட்டையின் நடுவில் அமர்ந்திருக்கிறபடியால், ஷாக்கிளில் கூட்டிய 2 அங்குலத்தில் பாதி, அதாவது ஒரே ஓர் அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஸ்டியரிங்கின் நிதானம் அனைத்தையும் விலையாகக் கொடுப்பது நியாயமான வியாபாரமென்று எனக்குத் தோன்றவில்லை. உயரம் வேண்டியவர்கள் ஷாக்கிளை விட்டுவிட்டு, வளைவு அதிகமான நல்ல பட்டையைத் தேடிக்கொள்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

காஸ்டரை அளப்பதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. தரை சமமான இடத்தில், கொத்தனாரிடம் வாங்கிய ரசமட்டத்தால் முன்பின்னாகத் தரையைச் சோதித்துக்கொண்டு, வண்டியை நேராக நிறுத்தி, கிங் பின்னின் மேல் மூடியிலுள்ள தட்டையான முகத்தில் பாகைமானியையோ, சாய்வு காட்டும் வசதியுள்ள கைபேசியையோ முன்பின்னாக வைத்தால் போதும். டோ-இன் அளப்பது அதைவிட எளிது: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் ஓர் ஆணியால் கோடு போட்டு, இறக்கி, வண்டியை ஓரிரண்டு கஜம் முன்னே தள்ளி நிறுத்தி, அச்சின் உயரத்தில் முன்னேயும் பின்னேயும் கோட்டுக்குக் கோடு அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பின்னே தள்ளி நிறுத்தி அளந்தால் கணக்குப் பிழைக்கும். மூட்டுகளின் தளர்ச்சி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

குறைந்த காஸ்டரை மீட்க, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைப்பது வழக்கம். அதன் தடித்த முனை எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில் நல்ல கைகள்கூடத் தவறக் கண்டிருக்கிறேன். அச்சு பட்டையின்மேல் அமர்ந்திருந்தால் தடித்த முனை முன்னே. பட்டையை அச்சுக்கு மேலே மாற்றியிருந்தால் தடித்த முனை பின்னே. கிங் பின்னின் தலை பின்னால் சாயவேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் குழப்பம் வராது. ஆப்பு உருக்காக இருக்கட்டும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி, யு போல்ட்டைத் தளரவிட்டுவிடும். அச்சின் தலை பின்னே போக, டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும், முன் ஷாஃப்டின் யூஜே கிராஸ் அதிக வளைவில் வேலைசெய்ய நேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டிய அளவுக்குமேல் ஆப்பு வைக்காதிருப்பது நலம்.

ஆட்டம் வேறு, உதறல் வேறு, இழுப்பு வேறு, கடினம் வேறு என்பதை உடைமையாளர்கள் பிரித்துச் சொல்லப் பழகினால் மேஸ்திரியின் வேலை பாதி குறையும். “ஸ்டியரிங் சரியில்லை” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுப் போவது, வைத்தியரிடம் “உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டு நோயாளி வீட்டுக்குப் போய்விடுவதற்குச் சமானம். எந்த வேகத்தில், எந்தச் சாலையில், பிரேக் மிதிக்கையிலா, குழியில் இறங்குகையிலா, திருப்பத்திலா, டயரில் காற்று எவ்வளவு இருந்தபோது என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் இழுக்கிற வண்டிக்கு முதல் பரிசோதனை காற்று அளவு. அடுத்தது, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி, இழுப்பும் பக்கம் மாறுகிறதா என்று பார்ப்பது. பிறகு, நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, பிரேக் டிரம்களில் எது அதிகம் சூடாயிருக்கிறதென்று புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்ப்பது. இவை மூன்றும் பணச்செலவில்லாதவை. இவற்றிலும் விடை கிடைக்காவிட்டால், பட்டையின் பின் கண்ணிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து, ஒரு பக்கத்து அச்சு மட்டும் பின்னே நழுவியிருப்பது உயர்த்திய வண்டிகளில் அபூர்வமான சம்பவம் அல்ல. இழுப்பை அசட்டை செய்யாதீர்கள். நம் கிராமச் சாலைகள் பலவற்றின் இரு மருங்கிலும் புளியமரங்கள் நிற்கின்றன. இடப்பக்கம் இழுக்கிற ஜீப்புக்கும் அந்த மரங்களுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்பதை இரவில் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதென்றால், சேசிஸிலிருந்து அச்சுப் பக்கம் போகிற தடியின், அதாவது டிராக் லிங்க்கின், சாய்வைப் பார்க்கவேண்டும். அந்தத் தடியின் நுனி ஒரு வட்டத்தில் சுழல்கிறது. அச்சு, பட்டையோடு சேர்ந்து, வேறொரு வட்டத்தில் ஏறி இறங்குகிறது. இரண்டு வட்டங்களும் கூடியவரையில் ஒத்துப்போகும்படி வண்டியை வகுத்தவர்கள் அமைத்திருந்தார்கள். வண்டியை உயர்த்தியதும் தடி செங்குத்தாகச் சரிந்து, அந்த ஒற்றுமை குலைந்துவிடுகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தடி அதை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. இதைச் சோதிக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, முன் பம்பரில் கனமான ஆட்கள் இருவரை ஏற்றி அழுத்தச் சொல்லி, ஸ்டியரிங் வட்டத்தைக் கவனித்தால் போதும். ஆட்களோடு சேர்ந்து அதுவும் ஆடுமானால் குற்றம் அங்கேதான்.

இதற்குப் பரிகாரமாக நம் பக்கத்தில் சில இடங்களில் நடக்கிற காரியம் ஒன்றைக் கண்டிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்மை உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுக்கிறார்கள். நீளம் போதாத டிராக் லிங்க்கை வெட்டி, நடுவே குழாயைச் சொருகி வெல்டிங் வைக்கிறார்கள். அடித்து உருவாக்கி, பதம் ஏற்றிய உருக்கு அது. பழுக்கக் காய்ச்சியவுடன் அந்தப் பதம் போய்விடுகிறது. வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். ஸ்டியரிங்கில் உள்ள எந்தத் தடி ஒடிந்தாலும் பிரேக்கைத் தவிர ஓட்டுகிறவனுக்கு வேறு கதியில்லை. என் வண்டியிலிருந்து கழற்றி உள்ளே போட்டுவைத்திருந்த பழைய டிராக் லிங்க்கிலும் ஒரு பட்டறையில் இப்படி ஒரு வெல்டிங் வைத்திருந்தார்கள். விழுப்புரத்துப் பெரியவர் அதைக் கண்டதும், மறுபேச்சில்லாமல் ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்து என் கையில் கொடுத்தார், யாரும் மறுபடி எடுத்துப் பூட்டிவிடக் கூடாதென்று. சேசிஸில் விழுந்த விரிசலுக்கு வெல்டிங் வைக்கலாம். அதற்கும் முறை உண்டு. விரிசல் முடிகிற நுனியில் சிறு துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தி, பிறகு வெல்டிங் வைத்து, மேலே தகடு கொடுத்து இறுக்கவேண்டும். ஸ்டியரிங் தடிகளுக்கு அந்த முறையும் பொருந்தாது.

ஸ்டியரிங் பாக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஜீப்பின் பாக்ஸில் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. ஆட்டத்தைக் குறைக்க எல்லோருடைய கையும் முதலில் போவது அதற்குத்தான். சக்கரங்கள் நேராக இருக்கும்போது மட்டுமே அதைத் தொடவேண்டும். நாம் அதிகமாக ஓட்டுவது நேர்ச்சாலையில் என்பதை உணர்ந்து, உள்ளிருக்கும் திருகு வரியை நடுப்பாகத்தில் சற்று இறுக்கமாகவே கடைந்திருக்கிறார்கள். சக்கரம் ஒரு பக்கம் திரும்பியிருக்கையில் இறுக்கிவிட்டால், நேருக்கு வரும்போது பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். நடுவில் மிகவும் தேய்ந்துபோன பாக்ஸை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனமில்லை. டிராக் லிங்க்கின் முனையில் உள்ள மூடித் திருகையும் அப்படியே முரட்டுத்தனமாக இறுக்கி விட்டுவிடக் கூடாது. இறுக்கி, கையேடு சொல்லும் அளவு பின்வாங்கி, புதிய காட்டர் பின் போட்டுப் பூட்டவேண்டும். பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுகிற சிக்கனம் வேண்டாம்.

கடற்கரைப் பக்கத்து அன்பர்களுக்கும், வெள்ளத்தில் வண்டி மூழ்கியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் அச்சு மூழ்க நின்றன. ஜீப்பின் முன் அச்சு முனைகளில் உருண்டையான மூடிய கிண்ணம் இருக்கிறதல்லவா, அதனுள் புகுந்த தண்ணீர் தானாக வெளியேறுவதில்லை. கிரீஸோடு கலந்து, மோர்போல் வெளுத்து, கிங் பின் பேரிங்கை உள்ளிருந்தே துருவேற்றும். வெளியே ஒரு குறையும் தெரியாது. ஒன்றரை ஆண்டு கழித்து ஸ்டியரிங் காரணமில்லாமல் கனக்கத் தொடங்கும். அந்தக் கிண்ணத்தின் நிரப்பு மூடியைக் கழற்றி ஒரு கம்பியை விட்டு எடுத்துப் பாருங்கள். கம்பியில் வருகிற கிரீஸின் நிறமே விஷயத்தைச் சொல்லிவிடும். மரக்காணத்து உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகளுக்கோ, சேசிஸின் உட்புறத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பதும் அவசியம். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். துரு தின்ற இரும்பு மண்பானைபோல் மந்தமாக ஒலிக்கும்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி வகுத்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாதென்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. பதிவு எண் டி.என். 16 ஆனாலும் டி.என். 32 ஆனாலும், எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகிறபோது இந்தக் கேள்வி எழும். உயர்த்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கூலி விஷயத்துக்கு வருகிறேன். அன்று அந்தப் பெரியவர் என் வண்டியின் அடியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் படுத்திருந்தார். விரிசலுக்குத் தகடு கொடுத்தார், கிங் பின்னைச் சரிசெய்தார், நீண்ட ஷாக்கிளைக் கழற்றிப் பழையதை மாட்டினார். முடிவில் அவர் கேட்டது எழுநூறு ரூபாய். தகட்டுக்கும் வெல்டிங்குக்கும் ஷாக்கிள் மாற்றியதற்கும் மட்டும் அவர் கணக்குச் சொன்னார். கண்டுபிடித்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்த எழுநூறை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிகவும் சகாயமாக முடிந்ததென்று சந்தோஷத்தோடு வீடு திரும்பினேன். பதினாலாயிரம் ரூபாயை, ஒன்றையும் கண்டுபிடிக்காதவர்களுக்கு முணுமுணுக்காமல் கொடுத்த நான், கண்டுபிடித்தவருக்கு அதற்கென்று ஒரு காசும் கொடுக்கவில்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. வருஷங்கள் கழித்து, அவர் பட்டறையை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் உறைத்தது.

நம் வழக்கம் அப்படி அமைந்துவிட்டது. கூலி என்பது கழற்றி மாட்டிய பாகத்துக்கே உரியதென்று நாம் நினைக்கிறோம். டை ராடு எண்டு மாற்றினால் இவ்வளவு, பட்டை இறக்கி ஏற்றினால் இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. “பார்த்தேன், ஒன்றும் மாற்றவேண்டாம், ரெண்டு போல்ட்டு தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன்” என்று ஒரு மேஸ்திரி உண்மையைச் சொன்னால், அவருக்கு நாம் கொடுப்பது டீச்செலவு. மனைவி மக்களைக் காப்பாற்றவேண்டிய ஒரு மனிதர், இந்த நிலையில், குற்றமற்ற பாகத்தையும் கழற்றத்தான் செய்வார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே உடைமையாளர்களே, வண்டியை விடும்போதே, பார்த்துச் சொல்வதற்கு இன்ன கூலி என்று முதலில் பேசி, எந்த முடிவு வந்தாலும் அதைக் கொடுத்துவிடுங்கள். மேஸ்திரிகளே, நீங்களும் கேட்கத் தயங்காதீர்கள். கேட்டு வாங்கிக்கொண்டு, குற்றத்தை உடைமையாளரின் விரலுக்கே தொட்டுக் காட்டுங்கள். தொட்டு அறிந்தவர் அதன்பின் உங்கள் கணக்கைச் சந்தேகிக்கமாட்டார். பட்டறையில் உள்ள பையன்களுக்கும் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற நாளிலேயே மூட்டில் விரல் வைக்கவும் கற்றுக்கொடுங்கள்.

அன்று ஸ்டியரிங்கை ஆட்டிய பையன் இப்போது திண்டிவனத்துக்கு அருகே சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். போன மாதம், குழியில் இறங்கும்போது முன்பக்கம் ஏதோ தட்டுகிறதென்று வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். விவரம் சொல்வதற்கு முன்னால், பார்த்துச் சொல்வதற்கான கூலியென்று ஐந்நூறு ரூபாயை அவருடைய மேஜைமேல் வைத்தேன். “என்ன சார் இது, இன்னும் வண்டிய தொடவே இல்லியே” என்று கூச்சத்தோடு மறுத்தார். தொடுவதற்குத்தான் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, பணத்தை எடுத்து டிராயரில் போட்டார். சுவரோரம் சாத்தியிருந்த கோணியை உதறி, வண்டிக்கு அடியில் விரித்தார். “ரெண்டு விரல் அளவுதான் சார், நிறுத்தாம ஆட்டுங்க” என்று அடியிலிருந்து குரல் வந்தது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
திண்டிவனம்.